உப்பு முடிச்சு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

"பயணம் கிளம்பும்போது நீங்கள் மறக்காமல் எடுத்துக்கொள்ளும் பொருள் எது?" என்று சென்ற இதழில் ஒரு வாசகி கேட்டிருந்தார். "ஒரு கைப்பிடி கல்லுப்பு. 1942-ல் பர்மாவிலிருந்து நடந்து வந்த எங்கள் அப்பத்தாவின் பழக்கம்" என்று இரண்டு வரியில் பதில் எழுதினேன். அந்த இரண்டு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. வியாசர்பாடி, காரைக்குடி, திருச்சி, அப்புறம் கனடாவிலிருந்துகூட வந்திருக்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை இந்தக் கடிதங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

பர்மாவிலிருந்து நடந்தே வந்தார்களா? நடுவில் கடல் இருக்கிறதே! உங்கள் அப்பத்தா எந்த வழியாக வந்தார்? உப்பு எதற்கு?
– கல்லூரி மாணவர், மதுரை

தம்பி, போகும்போது எல்லோரும் கப்பலில்தான் போனார்கள். சென்னையில் ஏறினால் ரங்கூனில் இறங்கலாம். அதனால் பர்மா என்றாலே கடலுக்கு அந்தப் பக்கம் என்று நமக்குப் பதிந்துவிட்டது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், அதில் மியான்மர் என்று போட்டிருக்கும். மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம் எல்லாம் பர்மாவை ஒட்டியே இருக்கின்றன. நடுவில் இருப்பது மலையும் காடும்தான்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டன. கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் வந்தன. அப்போது ரங்கூன் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்தியர்கள். 1931 கணக்கெடுப்பின்படி பர்மா முழுக்கப் பத்து லட்சம் இந்தியர்கள் இருந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அரிசி ஆலையில் வேலை செய்தவர்கள், ரயில்வே தொழிலாளிகள், வட்டிக்கடை கணக்குப்பிள்ளைகள், எங்கள் ஐயாவைப் போன்ற சின்ன மளிகைக்கடைக்காரர்கள் என்று எல்லோரும் அதில் அடக்கம். தாத்தாவை நாங்கள் ஐயா என்போம், தேவகோட்டைப் பக்கத்து வழக்கம். கப்பலில் இடம் கிடைத்தது காசும் செல்வாக்கும் இருந்தவர்களுக்குத்தான். மற்றவர்கள் நடந்தார்கள்.

பெரிய வழிகள் மூன்று. ஒன்று, புரோமிலிருந்து அரக்கான் மலையைத் தாண்டி தாங்குப், அங்கிருந்து படகில் அக்யாப், சிட்டகாங். இன்னொன்று, வடக்கே ஹூக்கோங் பள்ளத்தாக்கு வழியாக அஸ்ஸாமின் லெடோ. மூன்றாவது மண்டலே, மோனிவா, காலேவா, தமு வழியாக இம்பால். அப்பத்தா வந்தது இந்த மூன்றாவது வழி. எங்கள் ஊர் பெகு. 1942 பிப்ரவரியில் அங்கே குண்டு விழுந்தபோது, கடையைப் பார்த்துக்கொள்ள ஐயா தங்கிவிட்டார். பதினாறு வயது அப்பாவையும் பதினோரு மாதக் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு அப்பத்தா வடக்கே போகும் ரயிலில் ஏறிவிட்டது. சின்ன மகனான என் சித்தப்பா, அப்போது எட்டு வயது, ஐயாவை விட்டு வரமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டு அழுததால் அங்கேயே நின்றுவிட்டார்.

மண்டலேயில் முகாமில் பல நாள் காத்திருப்பு. அங்கே காலரா. பிறகு சிந்த்வின் என்ற ஆற்றில் படகு, காலேவாவில் இறங்கி கபாவ் பள்ளத்தாக்கு. மலேரியா அதிகமான இடம். அங்கேதான் என் அத்தை, அந்தக் கைக்குழந்தை, இறந்தது. அப்பத்தா அதைப் பற்றிச் சொன்னது எல்லாம், "மண்ணு ஈரமா இருந்துச்சு, தோண்ட சுலபமா இருந்துச்சு" என்பதுதான். நான் கேட்டபோது எனக்குப் பதினான்கு வயது. அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை.

தமுவைத் தாண்டி, மலை ஏறி, பலேல், இம்பால். இம்பாலிலிருந்து ரயில் கிடைக்கும் திமாப்பூருக்கு இன்னும் 200 கிலோமீட்டருக்கு மேல். வெள்ளைக்காரர்களுக்கு நல்ல முகாம் உள்ள வழி ஒன்று, மற்றவர்களுக்கு வேறொரு வழி என்று பாகுபாடு இருந்ததாக அப்போதே பெரிய புகார் எழுந்தது. காங்கிரஸ் தலைவர்கள் அதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அந்த ஆறு மாதத்தில் சுமார் 5 லட்சம் பேர் பர்மாவை விட்டு வெளியேறியதாகச் சொல்வார்கள். வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. பத்தாயிரம் என்பது குறைந்தபட்ச மதிப்பீடு. ஐம்பதாயிரம், அதற்கும் மேல் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் முப்பத்து நான்கு வருடம் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். நான் நடத்திய எந்தப் பாடத்திலும் இந்த நடை வந்ததில்லை. ஒவ்வொரு வருடமும் இரண்டாம் உலகப் போர் பாடம் வரும்போது, கரும்பலகையில் தமு என்று எழுதி அரை மணி நேரம் பேசுவேன். பரீட்சைக்கு வராது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்பார்கள்.

உப்புக்கு வருகிறேன். கையில் அரிசி இருந்தது. வழியில் மூங்கில் குருத்தும் கீரையும் கிடைத்தன. உப்புதான் கிடைக்கவில்லை. உப்பில்லாத கஞ்சியை மூன்றாம் நாள் விழுங்க முடியாது, குமட்டிக்கொண்டு வரும் என்பார். மலைவாசிகளுக்கும் உப்பு அருமையான பொருள். காசை நீட்டினால் வாங்க மாட்டார்களாம். முந்தானையில் கொஞ்சம் உப்பு முடிந்து வைத்திருந்த ஒரு தெலுங்கு அம்மாளிடம் தன் வெள்ளி வளையலைக் கொடுத்து ஒரு பிடி உப்பு வாங்கியிருக்கிறார் அப்பத்தா. அதன் பிறகு சாகும்வரை, பக்கத்துத் தெரு கல்யாணத்துக்குப் போனாலும் முந்தானையில் உப்பு முடிச்சு இருக்கும். எனக்கு முந்தானையில் முடியத் தெரியாது, கைப்பையில் சின்ன டப்பாவில் வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் "ஜப்பானிய அரசாங்கம்" என்று ஆங்கிலத்தில் அச்சடித்த ரூபாய் நோட்டுகளும் இரண்டு 100 கியாட் நோட்டுகளும் இருக்கின்றன. மதிப்பு உண்டா?
– வாசகர், காரைக்குடி

ஜப்பான் ஆட்சியில் அச்சடித்தவை முதல் வகை. அதில் உள்ள எழுத்து வரிசை "பி" என்று தொடங்கினால் பர்மாவுக்கு அச்சிட்டது, "எம்" என்றால் மலாயாவுக்கு. 1945-ல் ஜப்பான் தோற்றதும் எல்லாம் வெறும் காகிதமாகிவிட்டன. எங்கள் ஐயா கடையில் மூன்று வருடம் சேர்ந்த அந்த நோட்டுகளைப் பிறகு சாமான் மடிக்கப் பயன்படுத்தியதாக அப்பா சொல்வார். 1952-ல் கியாட் வந்தது. 1964 மே 17 அன்று, பர்மாவின் ராணுவ ஆட்சியாளர் நே வின் அரசு 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. உங்கள் கியாட் நோட்டுகள் அதற்கு முந்தையவை என்றால், உங்கள் தாத்தா மாற்ற முடியாமல், எறியவும் மனமில்லாமல் வைத்திருந்தவை. பழைய நோட்டு சேகரிப்பவர்கள் சிறு தொகை கொடுப்பார்கள். விற்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் தாத்தாவுக்கு 86 வயது. மோல்மேனில் பிறந்தவர். எப்போது கேட்டாலும் "அதெல்லாம் எதுக்குடா இப்ப" என்று பேச்சை மாற்றுகிறார். அவர் போவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும். எப்படிக் கேட்பது?
– மென்பொருள் பொறியாளர், திருச்சி

"அங்க என்னென்ன கஷ்டப்பட்டீங்க?" என்றுதானே கேட்கிறீர்கள்? அதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். என் அப்பாவும் சொல்லவில்லை. ஒரு நாள் எதேச்சையாக, "பெகு வீட்டுல கிணறு எந்தப் பக்கம்பா இருந்துச்சு?" என்று கேட்டேன். தரையில் சாக்பீஸால் வீட்டையே வரைந்துவிட்டார். கிணறு, கடை வாசல், நெல் மூட்டை அடுக்கும் இடம், 1942-ல் பதுங்குகுழி தோண்டிய இடம். பதுங்குகுழியை வரைந்ததும் தானாகவே பேச ஆரம்பித்தார். அன்று ராத்திரி பதினொன்றரை மணிவரை பேசினார்.

ஆகவே கஷ்டத்தைக் கேட்காதீர்கள். காலையில் என்ன சாப்பிடுவீர்கள், பள்ளிக்கூடத்துக்கு யாரோடு போனீர்கள், மழைக்காலத்தில் துணி எங்கே காயப்போடுவார்கள் என்று கேளுங்கள். மோல்மேன் மழை ஊர், இந்தக் கடைசிக் கேள்விக்குக் கட்டாயம் பதில் வரும்.

இன்னொன்று. நீங்கள் போனில் வரைபடத்தைத் திறந்து மோல்மேனைத் தேடிவிட்டு அவரிடம் காட்டியிருந்தால், அதில் மௌலமியைன் என்றுதான் போட்டிருக்கும். 1989-ல் ராணுவ அரசு பெயர்களை மாற்றியது. ரங்கூன் யாங்கோன் ஆனது, பெகு பாகோ, பாசின் பத்தேன், அக்யாப் சித்வே, புரோம் பியே. ரங்கூன் தெருப் பெயர்கள் அதற்கும் முன்பே மாறியவை. டல்ஹவுசி தெரு மகா பந்துலா, பிரேசர் தெரு அனவ்ரதா, மொகல் தெரு ஷ்வேபோந்தா. புதுப் பெயரைச் சொன்னால் நம் பெரியவர்களுக்கு அது வேறு ஊர். பழைய பெயர்களை ஒரு தாளில் பெரிதாக எழுதி எடுத்துப் போங்கள். "மொகல் தெரு தெரியுமா தாத்தா?" என்று மட்டும் கேளுங்கள். அவரோடு சேர்ந்து ஏதாவது வேலை செய்துகொண்டே கேளுங்கள், வெங்காயம் உரித்தபடி, துணி மடித்தபடி. முகத்தைப் பார்த்து உட்கார்ந்து, போனை நீட்டிப் பதிவு செய்தால் வாயே திறக்க மாட்டார்கள். வீட்டில் பழைய புகைப்படம் இருந்தால் பின்புறம் பென்சிலால் பெயர்களை எழுதிவிடுங்கள். இந்த மாதமே எழுதுங்கள். எங்கள் வீட்டில் 1951-ல் எடுத்த படத்தில் ஒன்பது பேர் நிற்கிறார்கள். அதில் நான்கு பேர் யார் என்று சொல்ல இன்றைக்கு ஒருவரும் இல்லை.

சென்னை பீச் பக்கம் கிடைக்கும் அத்தோ உண்மையான பர்மா சாப்பாடுதானா?
– வாசகி, தாம்பரம்

அத்தோவுக்கு அப்பா அம்மா பர்மா, பிறந்தது சென்னை. "அத்தோ" என்றால் பர்மிய மொழியில் கலந்து பிசைந்தது என்று பொருள். நூடுல்ஸ், முட்டைகோஸ், புளித்தண்ணீர், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், கூடவே வாழைத்தண்டு சூப். அந்த சூப், மொஹிங்கா என்ற பர்மிய மீன் சூப்பிலிருந்து மீனை எடுத்துவிட்டால் மிஞ்சுவதுதான். எங்கள் அம்மா பிசைந்ததில் காய்ந்த இறால் பொடி இருக்கும், வாசம் வீதிவரை போகும். இங்கே விற்க வேண்டும் என்று வந்தபோது அது மெல்ல விடுபட்டது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. பிழைக்க வந்த சமையல் அது.

1995 ஐப்பசியில் ஒரே இரவில் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது எனக்கு ஒன்பது வயது. நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிச் சாவகச்சேரிக்கு நடந்தோம். இப்ப ஸ்கார்பரோவில் இருக்கிறேன். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூட வேலைக்காக "அம்மா, அண்டைக்குப் பயந்தனீங்களா?" என்று கேட்டாள். "இல்லை" என்று சொல்லிவிட்டேன். "அப்ப எழுத ஒண்டும் இல்லை" என்று எழும்பிப் போய்விட்டாள். தமிழும் சரியாகப் பேசுகிறாள் இல்லை. நான் எங்கே பிழை விட்டேன், அக்கா?
– ஒரு தாய், கனடா

தங்கச்சி, உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். உங்கள் போர் வேறு, அது எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அந்த அக்டோபர் 30 இரவு மழையில், சைக்கிளும் பெட்டியுமாக லட்சக்கணக்கானவர்கள் ஒரே சாலையில் நெருங்கி நின்றதைப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அந்த "இல்லை" எனக்கு நன்றாகத் தெரியும். அதை நானும் சொல்லியிருக்கிறேன்.

போருக்குப் பிறகு அப்பா பெகுவுக்கே திரும்பிப் போயிருந்தார், நான் பிறந்தது அங்கேதான். நாங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறியது 1965-ல், எனக்குப் பன்னிரண்டு வயது. முந்தைய வருடமே கடையைப் பர்மா அரசு எடுத்துக்கொண்டது. சாமான் கணக்கு எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி, சாவியை வாங்கிப் போனார்கள். ஏறும் இடத்தில் சோதனை. நகை கொண்டுபோகக் கூடாது. அம்மாவின் தாலியைக் கழற்றச் சொன்னார்கள். அம்மா கழற்றவில்லை, கழுத்தைக் குனிந்து நின்றது, சோதனை செய்த பெண்தான் கழற்றினாள். கப்பலில் அப்பா ஒரு மஞ்சள் துண்டைக் கயிற்றில் கட்டி அம்மா கழுத்தில் போட்டார். நான் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மகனுக்குப் பத்து வயதானபோது, "கப்பல்ல வந்தது ஜாலியா இருந்துச்சாம்மா?" என்றான். "ஆமாம்டா" என்றேன். பல வருடம் அவன் நண்பர்களிடம், எங்கள் அம்மா சின்ன வயதில் கப்பலில் சுற்றுலா போயிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தான். என் அம்மா இறந்த அன்று, கழுத்தில் அந்த மஞ்சள் துண்டுதான் இருந்தது. பின்னாளில் அப்பா பொன் தாலி செய்து கொடுத்தும் அம்மா போட்டுக்கொள்ளவில்லை. என் மகன் அப்போது முப்பது வயது ஆள். "ஆயா ஏன் மஞ்சளை மட்டும் போட்டிருக்காங்க?" என்று பிணத்தின் பக்கத்தில் நின்று கேட்டான். அங்கே வைத்துத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. இருபது வருடம் தாமதம்.

ஆகவே பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். இன்றைக்கு இரவு மகளிடம் போய், "அன்றைக்குப் பொய் சொன்னேன், பயந்தேன்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் அவள் கேட்டால் ஒரே ஒரு பொருளைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தப் பாலத்தைத் தாண்டும்போது உங்கள் கையில் ஏதாவது இருந்திருக்கும். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் எதையாவது பிடித்துக்கொள்ளக் கொடுத்திருப்பார்கள். அது என்ன?

தமிழைப் பற்றி. பெகுவில் நான் படித்தது பர்மியப் பள்ளி. அங்கே குழந்தை முதலில் பழகுவது ஒரு முழு வட்டம், "வலோன்" என்பார்கள். நாள் முழுக்க வட்டம் போட வேண்டும். தமிழைக் கோயிலில் மாலை வகுப்பில் கொஞ்சம் படித்திருந்தேன். சென்னையில் ஏழாம் வகுப்புக்குப் போக வேண்டிய என்னை நான்காம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். என் கையில் எல்லா எழுத்தும் உருண்டது. "ட"வுக்கு மூலை வராது. "இது எழுத்தா, ஜிலேபியா?" என்று ஆசிரியை கேட்டார், வகுப்பே சிரித்தது. பெகுவில் என்னை "கலாமா" என்று கேலி செய்தவர்கள் உண்டு. இந்தியப் பெண்ணைத் தாழ்த்திச் சொல்லும் சொல் அது. வியாசர்பாடியில் நான் "பர்மாக்காரி". இரண்டு சொல்லுக்கும் அழுதிருக்கிறேன்.

ஆனால் இதையும் கேளுங்கள். இன்றைக்கும் அரிசி அளக்கும்போது என் வாய் "தித், நித், தோன், லே, ஙா" என்று பர்மிய எண்களைத்தான் முணுமுணுக்கிறது. மனக்கணக்கு எனக்கு அந்த மொழியில்தான் வரும். பேசுவதும் சண்டை போடுவதும் தமிழில். ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடவில்லை. உங்கள் மகள் எந்த மொழியில் கேட்டாள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் கடிதத்தில் அவள் கேள்வியை "பயந்தனீங்களா" என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் அப்படியே கேட்டிருந்தால், அது யாழ்ப்பாணத்துத் தமிழ். சரியாகப் பேசவில்லை என்று அவளைச் சொல்லாதீர்கள். எழுத்தை உருட்டியதற்கு நான் வாங்கிய அடியால் என் கை நேராகவில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு ஆசிரியை என்னைப் பர்மியப் பாட்டு ஒன்று பாடச் சொல்லிக் கேட்டார். அதற்குப் பிறகுதான் நேரானது.

உங்களை அகதி என்பீர்களா, "தாயகம் திரும்பியவர்" என்பீர்களா? பர்மாக்காரர்கள் மேல் கோபம் இல்லையா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், சிவகங்கை

அரசாங்கக் காகிதங்களில் எங்களுக்குப் பெயர் "தாயகம் திரும்பியோர்". கடனுக்கும் மனைக்கும் அந்தப் பெயரில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அப்பா கையெழுத்துப் போடுவார், நான் பக்கத்தில் நிற்பேன். நான் எங்கிருந்து எங்கே திரும்பினேன் என்று எனக்கு விளங்கவே இல்லை. தேவகோட்டையை அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை. நான் பிறந்தது பெகு, விட்டுவந்ததும் பெகு. ஐயாவுக்கு அந்தச் சொல் பொருந்தும், அவர் திரும்பினார். எனக்கு அது ஊரை விட்டுப் போனது. அகதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். அப்பாவுக்கு அது அவமானம். எனக்கு அதில் அவமானம் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அப்பாவுக்காக நானும் சொல்வதில்லை.

திரும்பியதாகச் சொல்லப்பட்ட எல்லோராலும் இங்கே இருக்க முடியவில்லை. தூணைக் கட்டிக்கொண்டு அழுத அந்தச் சித்தப்பாவுக்கு வியாசர்பாடி பிடிக்கவில்லை. வேலை இல்லை, பேச்சு புரியாமல் சிரிக்கிறார்கள், தண்ணீர் உப்பாக இருக்கிறது. 1966-ல் சில குடும்பங்களோடு சேர்ந்து ரயிலில் திமாப்பூர் போய், இம்பால் போய், பர்மாவுக்குத் திரும்பி நடந்தார். அப்பத்தா 1942-ல் நடந்து வந்த அதே வழி, எதிர்த்திசையில். தமுவில் பர்மியக் காவல் அவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்பியது. எல்லைக்கு இந்தப் பக்கம் மோரே. அப்போது சில குடிசைகள்தான். அங்கேயே நின்றுவிட்டார்கள். இப்படி நின்றவர்கள் பலர். கடை போட்டார்கள், தமிழ்ச் சங்கம் வைத்தார்கள், அங்காள பரமேஸ்வரிக்கும் முனீஸ்வரருக்கும் கோயில் கட்டினார்கள். இன்றைக்கும் மோரே போனால் அந்தக் கோபுரத்தைப் பார்க்கலாம். சித்தப்பா அங்கேதான் இறந்தார். 2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம் வெடித்தபோது அவருடைய பேரன் மனைவி பிள்ளைகளோடு சென்னைக்கு வந்து, என் வீட்டில் நான்கு மாதம் இருந்தான். வந்த அன்று அவன் மகள் முதுகுப்பையில் இருந்தது ஒரு கணக்குப் புத்தகமும் ஒரு செருப்பும். ஒற்றைச் செருப்பு.

கோபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பர்மியர் பக்கத்தையும் நாம் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் ஆட்சியில் நம்மவர்கள் அங்கே போனோம். 1930-ல் நெல் விலை விழுந்தபோது கடனைக் கட்ட முடியாமல் பர்மிய விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள். அந்தப் பத்தாண்டு முடியும்போது கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. செட்டியார்கள் தேடிப் போய்ப் பறித்ததல்ல, கடனுக்கு ஈடாக வந்தது. ஆனால் நிலம் இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் எதற்கு? செட்டிநாட்டு வீட்டுத் தேக்குத் தூண்களைப் பார்த்து வியக்கும் ஒவ்வொருவரும் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கோபம் பெரிய முதலாளிகளைவிடக் கூலிகளையும் சின்னக் கடைக்காரர்களையும்தான் அதிகம் அடித்தது. 1930-ல் ரங்கூன் துறைமுகக் கலவரத்தில் செத்தவர்கள் மூட்டை தூக்கிய தெலுங்கர்கள்.

எனக்கு அந்தச் சோதனைப் பெண் மேல் இன்னும் கோபம் உண்டு. பர்மியர் மேல் இல்லை. எங்கள் அடுத்த வீட்டில் ஒரு பர்மிய அம்மா இருந்தார். "அடோ" என்று கூப்பிடுவோம், அத்தை சித்தி மாதிரி. ஜப்பான் காலத்தில் ஐயாவையும் சித்தப்பாவையும் தன் வீட்டு நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தவர். 1965-ல் நாங்கள் பெகுவை விட்டுக் கிளம்பிய அன்று, விடியற்காலையில் ரயிலடிக்கு வந்து, ஐந்து பேருக்கும் தனித்தனியாக வாழை இலையில் சோறு கட்டிக் கொடுத்தார். என் கன்னத்தில் தனக்கா பூசிவிட்டார், மரப்பட்டையை அரைத்துப் பூசும் பர்மியப் பூச்சு அது. ரங்கூன் போய்ச் சேரும்வரை நான் முகம் கழுவவில்லை.

மறுபடி போய்ப் பார்த்தீர்களா? உங்களுக்குப் பர்மியப் பெயர் உண்டா?
– வாசகி, வியாசர்பாடி

பெயர் உண்டு. அங்கே பிறந்த கிழமையை வைத்துப் பெயர் வைப்பார்கள், பள்ளிக்கூடத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரு பர்மியப் பெயர் இருந்தது. அதை இங்கே எழுத மனம் வரவில்லை, மன்னியுங்கள். அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் என் அக்கா. 2019-ல் போய்விட்டாள்.

2014-ல் ஒரு முறை போனேன். அக்காவுக்கு முழங்கால் வலி, அவளால் வர முடியவில்லை. பெகுவில் ஷ்வேமாடோ பகோடா தூரத்திலிருந்தே தெரிந்தது. 1930 பூகம்பத்தில் விழுந்து, நான் கைக்குழந்தையாக இருந்தபோது, 1954-ல், திருப்பிக் கட்டி முடித்தது. எங்கள் கடை இப்போது செல்போன் கடை. அடுத்த வீட்டில் அடோவின் பேத்தி இருந்தாள். நான் யார் என்று சொல்வதற்கு முன்பே, வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "தமின் சா பிபிலா?" என்றாள். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம், வந்தவர் யாரானாலும் அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள். நான் பதில் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "நீங்கள் சின்னப் பிள்ளை மாதிரிப் பேசுகிறீர்கள்" என்றாள். ஆமாம், பன்னிரண்டு வயதுவரை கற்ற பேச்சுதானே. விலைவாசி, நோய், மரணம் எதற்கும் என்னிடம் பர்மியச் சொல் இல்லை. பசி, மழை, மாங்காய், அடிக்காதே எல்லாம் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் பேசினோம்.

அங்கிருந்தே அக்காவுக்குப் போன் செய்தேன். "கொல்லைல கிணறு இருக்கா? மாமரம் இருக்கா?" என்று கேட்டாள். கிணற்றின் மேல் ஓர் இரும்பு மூடி போட்டிருந்தார்கள். மரத்தை வெட்டிப் பல வருடமாகியிருந்தது. கிணறு இருக்கிறது என்று சொன்னேன். மரத்தைப் பற்றி அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை.